மனச்சோர்வில் இருப்பவர் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஒரு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். மாத்திரை எழுதுவது மருத்துவர் வேலை. நோயாளியோடு கூட வருகிற மனைவி, அப்பா, அண்ணன், ஹாஸ்டல் நண்பன் என்று இவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் நாளின் பெரும்பகுதி. கேள்வி அனுப்பச் சொன்னதும் வந்தவற்றில் முக்கால்வாசி இவர்களைப் போன்றவர்கள் கேட்டதுதான். அவரவர் அடையாளம் தெரியாதபடி சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

திண்டுக்கல் பக்கம் இருந்து ஒரு மனைவி: அக்கா, என் வீட்டுக்காரருக்கு நாற்பது வயசு தாண்டிவிட்டது, மில்லில் சூப்பர்வைசர். மூணு மாசமா வேலைவிட்டு வந்ததும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார். பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். கேட்டால் "உடம்பு வலி, வேற ஒண்ணுமில்ல" என்கிறார். ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு, நார்மல். இது மனச்சோர்வா?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இருக்க வாய்ப்பு அதிகம்மா, ஆனால் மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும். ஆண்களில் நிறைய பேருக்கு இது அழுகையாக வெளியே வராது. கோபமாக வரும், முதுகுவலி தலைவலியாக வரும், குடி கூடும், விடிகாலை மூணு நாலு மணிக்கு முழிப்பு வந்து அப்புறம் தூக்கமே பிடிக்காது. மனசு கனத்துக் கிடப்பதோ எதிலும் பிடிப்பு இல்லாமல் போவதோ, கூடவே தூக்கம், பசி, கவனம் எல்லாம் குலைவதோ இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்தால் காட்டியே ஆக வேண்டும். உங்களுக்கு மூணு மாசம் ஆகிவிட்டது.

"உங்களுக்கு மனசு சரியில்லை, டாக்டரைப் பாருங்க" என்று ஆரம்பித்தால் அவர் கதவைச் சாத்திக்கொள்வார். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "ஒரு மாசமா நீங்க ராத்திரி தூங்கறதே இல்ல, சாப்பாடு பாதியில வெச்சுடறீங்க, எனக்கு பயமா இருக்கு, தூக்கத்துக்காவது ஒரு தடவை காட்டிட்டு வருவோம்." இதில் பொய் எதுவும் இல்லை. முதலில் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடமே போகலாம். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை இவையும் இதே மாதிரி ஆளைச் சாய்த்துவிடும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அங்கிருந்து மனநலப் பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை இரண்டிலும் மனநல ஓபி உண்டு, மாத்திரையும் இலவசம். பொது மருத்துவமனையின் ஓபி சீட்டுதான் என்பதால், யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமும் அவருக்குக் கொஞ்சம் குறையும்.

கோவை, கல்லூரி மாணவர்: அக்கா, ரூம்மேட் ரெண்டு மாசமா கிளாஸுக்கே வருவதில்லை. நேற்று ராத்திரி "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்றான். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிவிட்டான். தற்கொலை எண்ணம் இருக்கா என்று நேராகக் கேட்டால் இல்லாததைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ?

தம்பி, இதைப் படிக்கும்போதே எழுந்து அவன் பக்கத்தில் போய் உட்கார், மீதியை அங்கிருந்தே படி.

கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. இதை ஆராய்ச்சிகளும் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன, நான் தினமும் பார்ப்பதும் அதுதான். கேட்டவுடன் பல பேர் பெருமூச்சு விடுவார்கள், ஏனென்றால் அதுவரை அதைத் தனியாகச் சுமந்துகொண்டு இருந்திருப்பார்கள். சுற்றி வளைக்காமல் கேள்: "செத்துடலாம்னு தோணுதாடா?" ஆமாம் என்றால் அடுத்தது: "எப்படி, எப்போன்னு யோசிச்சு வெச்சிருக்கியா?" அதற்கும் பதில் இருந்தால் அன்றைக்கு அவனை ஒரு நிமிஷம்கூட தனியாக விடக்கூடாது, குளியலறைக் கதவைக்கூட தாழ் போட விடாதே. வார்டனுக்கும் வீட்டுக்கும் சொல், அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போ. வண்டி வேண்டுமென்றால் 108.

சத்தியத்தைப் பற்றி யோசிக்காதே. "இதை மட்டும் என்னால மறைச்சு வைக்க முடியாது, நீ எனக்கு வேணும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் செய். கோபப்படுவான், பரவாயில்லை.

போனில் பேச 14416 இருக்கிறது. டெலி மானஸ், 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்தது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 இருக்கிறது. சென்னையில் 1986 முதல் சினேகா அமைப்பு இதற்காகவே இருக்கிறது, எண் 044-24640050. அவன் பேச மறுத்தால் நீயே 14416ஐ அழைத்து நிலைமையைச் சொல்லி வழி கேட்கலாம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மூடி மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயற்சி செய்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை.

விழுப்புரம் பக்கம் இருந்து ஒரு அம்மா: விவசாய வீடு, பூச்சிமருந்து வீட்டிலேயேதான் இருக்கிறது. மகன் சிகிச்சையில் இருக்கிறான்.

பூச்சிமருந்தை இன்றைக்கே வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். பரண்மேல் ஏற்றி வைப்பதோ வேறு ரூமுக்கு மாற்றுவதோ போதாது. பங்காளி வீட்டிலோ பக்கத்துக் காட்டுக்காரர் மோட்டார் ரூமிலோ பூட்டி வைத்து, சாவி உங்கள் வீட்டில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தற்கொலை எண்ணம் அலையாக ஏறும்போது பல நேரம் சில நிமிஷங்களுக்குத்தான் உச்சத்தில் நிற்கும். அந்த நிமிஷங்களில் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்புகிறது. இலங்கையில் கொடிய நச்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு தற்கொலை விகிதம் பெரிய அளவில் இறங்கியது. தமிழ்நாட்டிலும் சிலவற்றுக்குத் தடை வந்திருக்கிறது. அவனுடைய மாத்திரையும் உங்கள் கையிலேயே இருக்கட்டும், வேளாவேளைக்கு எடுத்துக் கொடுங்கள்.

சேலம், மகன்: அப்பாவுக்கு மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள். "வயித்தைப் புரட்டுது, ஒரு பிரயோஜனமும் இல்ல" என்று நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டில் ஒருவர் வேறு, ஆயுசுக்கும் அடிமையாகிவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூஆக்செட்டின் போன்ற மாத்திரைகளில் இதுதான் சங்கடம். குமட்டல், தலைவலி, படபடப்பு முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுதாகத் தெரிய ஆறு எட்டு வாரம்கூட ஆகலாம். பத்தாவது நாளில் மனிதர் கஷ்டத்தை மட்டும்தான் பார்த்திருப்பார், அதனால் கோபம் நியாயம்தான். அவராக மறுபடி போட ஆரம்பிக்க வேண்டாம், ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய் நிறுத்திவிட்டதைச் சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு போடச் சொல்வார்கள், அளவைக் குறைத்து ஆரம்பிப்பார்கள், வேறு மாத்திரைக்கும் மாற்றலாம்.

இவை பழக்க அடிமை ஆக்குகிறவை அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும் என்பதால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பழகிப்போகக் கூடியவை அல்ப்ராசோலம், குளோனசெபாம் வகைத் தூக்க மாத்திரைகள். அவற்றைக் குறைந்த நாட்களுக்குத்தான் எழுதுவார்கள், கடைக்காரரிடம் கேட்டு நீங்களாக நீட்டிக்கக் கூடாது. நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள். சரியாகிவிட்டது என்று அங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்பி வருகிறவர்கள்தான் எங்கள் ஓபியில் அதிகம்.

எங்களிடம் வரும் ஒரு பெரியவரின் மருமகள் மாத்திரை அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு குழிக்கு மேலும் பேனாவால் கிழமை எழுதிவிடுவார். ஞா, தி, செ என்று ஒரே எழுத்து. "போட்டீங்களா, போட்டீங்களா" என்று கேட்கவே வேண்டியதில்லை, அட்டையைத் திருப்பினால் தெரிந்துவிடும். மாமனாருக்கும் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற எண்ணம் வரவில்லை. உங்கள் வீட்டில் இதைச் செய்து பாருங்கள்.

பெயர் வேண்டாம்: கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். பண்ணலாமா?

வேண்டாம். முதலில் சிகிச்சை, தேறிய பிறகு அவருக்கே விருப்பம் இருந்தால் கல்யாணம், அதுவும் வரப்போகிறவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு. நோயைத் தீர்க்கும் பொறுப்பை ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணின் தலையில் கட்டுவது அநியாயம்.

நாகர்கோவில், அம்மா: மகளுக்குக் குழந்தை பிறந்து ஆறு வாரம். ஓயாமல் அழுகிறாள், "இந்தப் பிள்ளையைப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே தோணலம்மா" என்கிறாள். சொந்தத்தில் தோஷம், மந்திரிக்கணும் என்கிறார்கள்.

பிரசவம் ஆன முதல் சில நாட்கள் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். ஆறு வாரம் ஆகியும் இருக்கிறது என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம், நன்றாகக் குணமாகக் கூடியது. அந்த வார்த்தையைக் கேட்டு அவளைத் திட்டிவிடாதீர்கள். பெற்ற அம்மாவிடம் இதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்! தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போடக்கூடிய மாத்திரைகள் உண்டு, பால் கொடுப்பதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். ராத்திரி ஒரு வேளை குழந்தையை நீங்கள் எடுத்துக்கொண்டு அவளைத் தொடர்ந்து நாலைந்து மணி நேரம் தூங்க விடுங்கள், அதுவே பாதி மருந்து.

கோயிலுக்குப் போவது உங்கள் மனசுக்கு ஆறுதல் என்றால் போங்கள், மருத்துவரையும் பாருங்கள். ஆனால் ஒன்று: தூக்கமே இல்லாமல் இருக்கிறாள், இல்லாத குரல் கேட்கிறது என்கிறாள், குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுகிறாள் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே அவசரப் பிரிவு, குழந்தையோடு அவளைத் தனியாக விடக்கூடாது.

ஈரோடு: ஷாக் கொடுப்பார்களா?

மனச்சோர்வில் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது. சாப்பாடு தண்ணீரையே விட்டுவிட்ட நிலை, உயிருக்கு ஆபத்தான நிலை, மாத்திரை கேட்காத நிலை இவற்றில் கொடுப்பதுண்டு. மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள், வலி தெரியாது. சில நாள் மறதி இருக்கலாம், ஆனால் அதனால் பிழைத்தவர்களை எனக்குத் தெரியும். சினிமாவில் பார்த்ததை மறந்துவிடுங்கள்.

சென்னை: நான் கூட இருக்கிறவள் இல்லை, எனக்குத்தான் மனச்சோர்வு. மாத்திரை போடுகிறேன். காலையில் எழவே முடியவில்லை. எல்லாரும் வாக்கிங் போ, யோகா பண்ணு என்கிறார்கள். கேட்டாலே அழுகை வருகிறது.

உங்களிடம் யாரும் இவ்வளவு பெரிதாகக் கேட்கக் கூடாதும்மா. மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது, செய்யச் செய்யத்தான் மனசு மெதுவாகப் பின்னால் வரும். மனநல சிகிச்சையில் இதற்கென்றே முறை இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது. ஆனால் செய்வது நம்ப முடியாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான் முதல் வாரம். அப்புறம் பல் துலக்குவது. அப்புறம் வெயில் விழுகிற இடத்தில், மாடியோ வாசல்படியோ, பத்து நிமிஷம். குளிக்க முடியாத நாளில் முகம் கழுவி நைட்டியை மாற்றினால் போதும். முடிந்ததை ஒரு தாளில் குறித்து வையுங்கள், ஏனென்றால் இந்த நோய் "இன்னைக்கு நீ ஒண்ணுமே செய்யல" என்று சாயங்காலம் பொய் சொல்லும்.

விடிகாலை முழிப்பில் எந்த முடிவும் எடுக்காதீர்கள், வேலையை விடுவதோ உறவை முறிப்பதோ. அந்த நேரத்தில் போனைத் தேடினால் அது 14416ஐ அழைக்க மட்டும் இருக்கட்டும்.

துபாய்: தம்பி ஊரில் அம்மாவோடு இருக்கிறான், மனச்சோர்வு. தினமும் கூப்பிடுகிறேன், எடுப்பதே இல்லை. தூரத்தில் இருந்து என்னதான் செய்வது?

தினமும் ஒலிக்கும் போன் அவருக்குத் தினமும் ஒரு குற்ற உணர்ச்சி. பதில் எதிர்பார்க்காத வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள், அரை நிமிஷம், "பதில் போட வேண்டாம், சும்மா சொல்றேன்" என்று ஆரம்பித்து, அங்கே இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்கிற மாதிரி. எப்படி இருக்கே என்று கேட்காதீர்கள். உங்கள் உதவி அதிகம் தேவைப்படுவது அம்மாவுக்குத்தான்: ரிவ்யூ அன்றைக்கு ஆட்டோ ஏற்பாடு, கூடப் போக ஒரு பெரியப்பா மகனோ நண்பனோ. அம்மா உங்களிடம் புலம்ப வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்குங்கள், அப்போது ஆலோசனை சொல்லாமல் கேளுங்கள்.

தஞ்சாவூர், மனைவி: ஒன்றரை வருஷமாக நான்தான் எல்லாம். சில நாள் அவர்மேல் வெறுப்பே வருகிறது, அப்புறம் அழுகிறேன். நான் கெட்டவளா?

இல்லைம்மா, ஒன்றரை வருஷம் ஓய்வே இல்லாமல் உழைத்துக் களைத்துப் போயிருக்கிறீர்கள். யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பதுதான் உங்களை இப்படி வாட்டுகிறது என்று நினைக்கிறேன். விஷயம் தெரிந்த ஒரே ஒரு ஆள் உங்கள் பக்கம் வேண்டும், அக்காவோ கொழுந்தனாரோ. வாரத்தில் ஒரு பாதி நாள் அவர்கள் வந்து இருக்க, நீங்கள் வெளியே போக வேண்டும். கல்யாணம் காதுகுத்துக்கு அழைப்பு வந்தால் போங்கள், பட்டுப்புடவை கட்டிக்கொண்டே போங்கள். உங்களுக்கும் தூக்கம் போய், பசி போய், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் நீங்களும் ஒரு ஓபி சீட்டு போட வேண்டும், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் இது வரும். அடுத்த ரிவ்யூவுக்கு அவரை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்காராதீர்கள். நீங்களும் உள்ளே போய், உங்களோடு பேச சமூகப் பணியாளரோ ஆலோசகரோ இருக்கிறாரா என்று கேளுங்கள்.