கடத்தும் நார் கலந்த கொங்கிறீட் தன் விரிசலைத் தானே காட்டுமா?

அதிவலுக் கொங்கிறீட்டில் மின் கடத்தும் நார் கலந்தால் விரிசலை அதுவே காட்டிக்கொடுக்கும் என்கிறார்களே, நடைமுறையில் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரிவரும். கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் இந்தக் கட்டிகளை வார்த்து, வயர் பூட்டி, உடைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கேள்வியைப் பார்த்தால் நீங்கள் பொறியியல் இறுதியாண்டு மாணவர் போலத் தெரிகிறது. "இதெல்லாம் கட்டுரைக்குத்தான் நல்லது" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எங்களிடமும் சொன்னார்கள். ஆனால் இது நேற்று முளைத்த யோசனை இல்லை. அமெரிக்காவின் பஃபலோவில் ஆய்வாளர் டெபோரா சுங் குழுவினர் காபன் நார் கொங்கிறீட்டைப் பற்றி இதை எழுதியது 1993இல்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். வலுவைக் கொடுப்பது உருக்கு நார். வழக்கமாக 13 மில்லிமீற்றர் நீளம், 0.2 மில்லிமீற்றர் விட்டம், கனவளவில் 2 சதவீதம். ஒரு கன மீற்றருக்கு ஏறக்குறைய 157 கிலோ. பெரிய சல்லி கிடையாது, சிலிக்கா பியூம் என்ற மிக நுண்ணிய தூள் உண்டு, தண்ணீர் மிகக் குறைவு. நம் வீடுகளில் போடும் கொங்கிறீட்டின் அமுக்க வலு 25, 30 மெகாபாஸ்கல் என்றால் இது 150 வரை போகும். உருக்கும் மின்னைக் கடத்தும்தான். ஆனால் சிறிய விகாரத்தையும், அதாவது சுமையால் வரும் நீட்சி குறுக்கத்தையும், பிடிக்க வேண்டும் என்று நாங்கள் மெல்லிய காபன் நாரையும் கொஞ்சம் சேர்த்தோம். அமுக்கினால் நார்கள் நெருங்கி மின்தடை குறையும், இழுத்தால் விலகிக் கூடும். சுமையை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்பினால் பயமில்லை. திரும்பாமல் நின்றால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

எங்கள் உண்மையான எதிரி கொழும்பின் ஈரம். கொங்கிறீட்டின் நுண்துளைகளில் இருக்கும் தண்ணீரும் மின்னைக் கடத்தும். மழை பிடித்த வாரத்தில் ஒரு அளவு, வெயில் எறித்தால் வேறொரு அளவு, குளிரூட்டியை நிறுத்தினால் இன்னொன்று. சுமையே வைக்காத கட்டி சுமை தாங்குவதுபோல் மீற்றரில் ஆடியது. பட்டப்பின் படிப்பு மாணவர்கள் பயந்துபோனார்கள். கட்டிகளை மெழுகு பூசி மூடச் சொன்னேன். அதே கலவையில் வார்த்த இன்னொரு கட்டியைச் சுமையில்லாமல் பக்கத்தில் வைத்து, அதன் மாற்றத்தைக் கழிக்கச் சொன்னேன். அப்புறம்தான் வரைபடம் ஒழுங்குக்கு வந்தது.

வளைவுச் சோதனை நடந்த நாளை மறக்க முடியாது. சுமைக்கோடு நேராக ஏறிக்கொண்டிருந்தது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தடை மட்டும் திடீரெனத் துள்ளியது. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, கட்டியின் அடிப்புறத்தில் ஸ்பிரிட் தெளித்தேன். மேற்பரப்பு காய்ந்த பிறகும் ஒரு மயிரிழைக் கோடு மட்டும் ஈரமாக நின்றது. அந்தக் கோட்டை நான் தேடிப் பிடிக்கவில்லை, கட்டி சொல்லித்தான் பார்த்தேன். விகாரத்தை அளக்கும் விகாரமானியை ஒட்டியிருந்தால் ஒட்டிய இடத்தை மட்டும்தான் அது அறியும். இங்கே மின்முனைகளுக்கு இடையில் உள்ள முழுத் துண்டும் உணரியாக வேலை செய்கிறது. கடற்காற்றில் நிற்கும் தூண், பாலத்தின் மூட்டு என்று கண் போகாத இடங்களுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை.

"ஆய்வுகூடக் கட்டி வேறு, பாலம் வேறு" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். தெரியும். முழுப் பாலத்தையும் இதில் வார்க்கச் சொல்லவில்லை. விலையும் இடம் கொடாது. முக்கியமான மூட்டில் போட்டால் போதும் என்கிறேன். நான் கலாநிதிப் பட்டம் எடுத்தவன் இல்லை என்பதையும் சிலர் சொல்வார்கள். மீற்றருக்குப் பட்டம் தெரியாது.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். அந்த வேலை கட்டுரையாக வெளிவந்தபோது நார் உருண்டை பிடிக்காமல் கையால் தூவியவன், மின்முனைக்கான செப்பு வலையை அச்சுக்குள் நிறுத்தியவன், மெழுகு பூசச் சொன்னவன் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. எனக்கு மட்டும் நடந்ததல்ல. இந்த ஊரில் எத்தனையோ ஆய்வுகூட உதவியாளர்களின் கை அப்படித்தான் காணாமல் போகிறது. நீங்கள் கட்டுரை எழுதினால் உங்கள் ஆய்வுகூட உதவியாளரின் பெயரை முதல் வரைவிலேயே போட்டுவிடுங்கள். கடைசியில் இடம் இருக்காது.

சரி, வேலைக்கு வருவோம். இரண்டு மின்முனையில் அளக்காதீர்கள், தொடுமுனையின் தடையும் சேர்ந்து ஏமாற்றும். நான்கு முனை வையுங்கள்: வெளி இரண்டில் மின்னோட்டம், உள் இரண்டில் மின்னழுத்தம். நேரோட்டம் கொடுத்தால் முனைவாக்கத்தால், அதாவது உள்ளே மின்னேற்றம் ஒருபக்கமாகச் சேர்வதால், அளவு தானாகவே ஏறிக்கொண்டு போகும், திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம் கொடுங்கள். காபன் நாரைக் கூட்டக் கூட்ட உணர்திறன் கூடும் என்று நம்பி அள்ளிக் கொட்ட வேண்டாம். ஒரு அளவுக்கு மேல் கலவை இறுகிவிடும், காற்று சிக்கும், வலுவும் போகும். 40க்கு 40க்கு 160 மில்லிமீற்றர் அச்சில் தொடங்குங்கள். சுமையில்லாத அந்தத் துணைக் கட்டியை முதல் நாளே வார்த்து வையுங்கள்.