பட்டன், பட்டன், பட்டன்!

கேள்வி: ஐயா, எனக்குப் பார்வை இல்லை. ஓர் அரசுச் செயலியைத் திறந்தால், போன் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் ‘பட்டன், பட்டன்’ என்றே சொல்கிறது. படத்திலுள்ள எழுத்துகளைப் பார்த்துத் தட்டச் சொல்லும் கேப்சா வந்தால் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறேன். யாரிடம் முறையிடுவது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: காட்பாடியில் என் சித்தப்பா வீட்டிலும் தினம் இதே ‘பட்டன்’ கச்சேரிதான். பட்டனுக்குப் பெயர் வைப்பது நிரல் எழுதுபவருக்கு ஒரு வரி வேலை, அதற்கே சோம்பல்! 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. டிஜிட்டல் அணுகலும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது. எந்தத் திரை, எந்த இடம், டாக்பேக் என்ன சொன்னது என்று எழுதி, திரைப்பதிவோடு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்புங்கள். மத்திய அரசுச் செயலி என்றால் டெல்லியிலுள்ள தலைமை ஆணையருக்கு. கேப்சாவுக்கு ஒலி வடிவமும் கேளுங்கள். அப்புறம், பையன் நல்ல பையனே ஆனாலும் ஓடிபியை மட்டும் சொல்லாதீர்கள்.