கடுக்காய்க்குள் ஒரு கிருமிக்கொல்லி

கேள்வி: கடுக்காய் நீரால் கழுவிய புண்ணில் சீழ் பிடிக்காது என்பார்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். அதில் கிருமியை அடக்கும் பொருள் எதுவென்று எவ்வாறு கண்டுபிடிக்கிறார்கள்? (வாசகி, ஏற்காடு)

பதில்: உங்கள் சேர்வராயன் மலையிலேயே வளரும் மரம்தான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கொட்டையை நீக்கிய கடுக்காய்த் தோலைப் பொடித்து (நம் வைத்திய மரபும் கொட்டையை நீக்கவே சொல்கிறது) எத்தனாலில் (ஒருவகைச் சாராயம்) ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். கிருமி பரப்பிய அகார் (கிருமி வளர்க்க உதவும் கூழ்) தட்டின்மீது, அச்சாற்றில் நனைத்து உலர்த்திய 6 மில்லிமீட்டர் காகித வில்லையை வைத்து, 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓரிரவு விட்டால், பாலாடைபோல் படர்ந்த கிருமிகளுக்கு நடுவே வில்லையைச் சுற்றி மட்டும், கிருமி வளராத தெளிந்த வளையம் தெரியும். எத்தனால் மட்டும் நனைத்த வில்லையொன்றும் அருகில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எத்தனால் செய்த வேலைக்குக் கடுக்காய் பெயர் வாங்கிவிடும்.

பிறகு சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வளையம் காட்டுவதை மட்டும் மேலும் பிரித்துக்கொண்டே போவார்கள். இவ்வாறுதான், மெத்திசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்கு அடங்காத, புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமியைத் தடுப்பவை காலிக் அமிலமும் அதன் எத்தில் எஸ்டரும் (அவ்வமிலம் எத்தனாலோடு சேர்ந்து உண்டாகும் பொருள்) என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்டார்கள்.

கடுக்காயில் மிகுந்துள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், தோல் பதனிடும்போது செய்வதைப் போலவே எந்தப் புரதத்தையும் பற்றிக்கொள்ளும். ஆகவே, தட்டில் பெரிய வளையம் காட்டிய சாறு, புரதம் நிறைந்த சீழிலும் இரத்தத்திலும் அவ்வளவு வேலை செய்யாமல் போகலாம். சீழ் வைத்த புண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள்.