வலிக்காத புண்ணுக்குத்தான் அவசரம்

கேள்வி: என் அப்பாவுக்கு 57 வயது. பென்னாகரம் பக்கம் பிறந்து வளர்ந்தவர். இருபது வயதில் ஏற்காட்டுக்கு வந்தார், காப்பித் தோட்டத்தில் வேலை. வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுவது முப்பது வருடப் பழக்கம். எங்கள் ஊரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி முகாம் போட்டது. அப்பாவின் நாக்கில் இடது ஓரத்தில் புண் இருப்பதைப் பார்த்து, சேலத்துக்கு வந்து பயாப்சி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஓர் ஆராய்ச்சியில் சேர்வதற்கு என்று கையெழுத்தும் கேட்டார்கள். அப்பா பயந்துபோய், "படிக்கிற பிள்ளைங்க என்னை வெச்சுப் பழகுவாங்க, நான் வரமாட்டேன்" என்கிறார். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தோம். புண் வந்து ஆறு வாரம் இருக்கும், வலி இல்லை. மெடிக்கலில் வாங்கிய ஜெல் தடவுகிறோம், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் தருகிறோம். பல்லில் பழுப்புக் கறை, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், நாக்கின் மேல் வரைபடம் போலத் திட்டுகள் என்று இவையும் உண்டு. எல்லாம் சேர்ந்து புற்றுநோயா? தம்பிக்கும் காரச் சட்னி வைத்த தட்டுவடை செட் சாப்பிட்டால் வாய் எரிகிறதாம். அவன் பாக்குப் பொட்டலம் போடுகிறவன். அவனுக்கும் பி காம்ப்ளெக்ஸ் தரலாமா?

வாசகி, ஏற்காடு

பதில்: ஜெல் தடவுவதை இன்றோடு நிறுத்திவிட்டு, இந்த வாரமே அப்பாவை மலையிலிருந்து கீழே கூட்டி வாருங்கள் அம்மா. அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதில் மற்றதெல்லாம் காத்திருக்கலாம். நாக்கு ஓரத்துப் புண் காத்திருக்கக் கூடாது.

உடம்பில் வேகமாக ஆறுகிற இடங்களில் வாயும் ஒன்று. சூடான காப்பி பட்டுப் பொத்துப்போனாலும் சரி, பல் கடித்துக் காயமானாலும் சரி, அடிக்கடி வந்துபோகிற வாய்ப்புண்ணானாலும் சரி, ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் ஒரே இடத்தில் புண் இருந்தால், அது ஏன் ஆறவில்லை என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும். உங்கள் அப்பாவுக்கு ஆறு வாரம் ஆகிவிட்டது.

வலி இல்லை என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவதே அந்த வரிதான். சாதாரண வாய்ப்புண் வலிக்கும், உப்பு பட்டால் உயிர் போகும், அதனால் ஓடி வந்துவிடுகிறார்கள். வாய்ப்புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. காதுக்குள் குத்தல் எடுத்து, நாக்கைப் புரட்ட முடியாமல், கழுத்தில் நெறி கட்டிய பிறகுதான் நம் ஆட்கள் வருகிறார்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை செய்த ஒருவர் நான்கு மாதம் ஜெல் தடவிவிட்டு என்னிடம் வந்தார். அவருக்குத் தாடையில் ஒரு பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. முதல் மாதத்திலேயே வந்திருந்தால் எவ்வளவு சின்ன ஆபரேஷனோடு போயிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த ஜெல்களில் பலவற்றில் இருப்பது மரத்துப்போகச் செய்யும் மருந்து. சிலவற்றில் ஸ்டீராய்டு. எரிச்சல் அடங்கும், புண்ணுக்கான காரணம் அப்படியே இருக்கும். பி காம்ப்ளெக்ஸ் வைட்டமின் குறைவாக இருப்பவர்களுக்கானது. காரணம் தெரியாத ஒரு புண்ணுக்கு ஆறு வாரம் மருந்து தடவியிருக்கிறீர்கள், இடையில் ஒரு மருத்துவரிடமாவது வாயைத் திறந்து காட்டியிருக்கலாம். கடைக்காரர் தந்தார் என்பது ஒரு காரணமே இல்லை. அவர் அப்பாவின் நாக்கைப் பார்க்கவில்லை.

இது புற்றுதான் என்று நான் சொல்லவில்லை. உடைந்த கடைவாய்ப் பல்லின் கூர் முனை தினமும் உரசினால்கூட நாக்கு ஓரத்தில் ஆறாத புண் வரும். அப்படியானால் அந்த முனையை ராவிவிட்டு, இரண்டு வாரம் விட்டுப் பார்ப்போம். அபூர்வமாகக் காசநோயும் நாக்கில் புண்ணாக வரும். இவற்றில் எது என்று கண்ணால் மட்டும் பார்த்து, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குத்தான் பயாப்சி.

அதில் நடப்பது இவ்வளவுதான். பல் பிடுங்கும்போது போடுவது போல மரத்துப்போகும் ஊசி. புண்ணின் ஓரத்தில், கொஞ்சம் நல்ல சதையும் சேர்ந்து வருகிற மாதிரி, சில மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துண்டு. ஒன்றிரண்டு தையல். எடுத்த துண்டை ஃபார்மலினில் போட்டு, மெலிதாகச் சீவி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பிவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கத்தி பட்டால் பரவும் என்பது பொய். வெகுகாலமாக ஊரில் சொல்லிவந்த பேச்சு இப்போது வீடியோவாக வருகிறது. பயாப்சி எடுத்த பிறகு சிலருக்கு நோய் முற்றியதைப் பார்த்தவர்கள் அப்படி நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் வந்ததே முற்றிய பிறகு. அந்த வீடியோவை நம்பி வீட்டில் இருந்துவிட்டவர்கள்தான் எனக்குப் பெரிய துக்கம்.

சரி, இப்போது அப்பாவின் பயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

பல் மருத்துவம் படிக்கிறவர்கள் முதலில் பழகுவது பொம்மைத் தலையில். ரப்பர் கன்னமும் பிளாஸ்டிக் பல்லும் வைத்த அந்தத் தலையை ஃபாண்டம் ஹெட் என்போம். அதில் கை படிந்த பிறகு, மூன்றாம் வருடத்தில்தான் நோயாளியின் பக்கத்தில் விடுவார்கள், அதுவும் ஆசிரியர் பக்கத்தில் நிற்க. பயாப்சி எடுக்கிறவர்கள் பட்டம் முடித்து, மேற்கொண்டு மூன்று வருடம் எம்.டி.எஸ். படிக்கிறவர்கள் அல்லது அவர்களுடைய ஆசிரியர்கள். ஒரு புண்ணை மாணவர் பார்த்து, ஆசிரியர் பார்த்து, அதைப் பற்றி இருவரும் பேசி முடிவெடுப்பதால் நோயாளிக்கு நன்மைதான். தனியாக ஒருவர் அவசரத்தில் பார்ப்பதைவிட அது பாதுகாப்பு. அப்பாவுக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஆராய்ச்சிக் கையெழுத்து வேறு விஷயம். சிகிச்சைக்கான ஒப்புதல் ஒரு தாள், ஆராய்ச்சிக்கான ஒப்புதல் இன்னொரு தாள். இரண்டாவதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அப்பா தாராளமாகச் சொல்லலாம். அதனால் பயாப்சியும் சிகிச்சையும் அவருக்குக் குறையக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளிலேயே இது இருக்கிறது. தாள் அவருக்குப் புரிகிற தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆராய்ச்சியில் சம்பந்தப்படாத ஒருவர் சாட்சியாக இருந்து, முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகே ரேகை வாங்க வேண்டும். ஆராய்ச்சிக்காகச் செய்யும் கூடுதல் சோதனைக்கு அவரிடம் காசு வாங்கக் கூடாது. சேர்ந்த பிறகும் எந்த நாளிலும் விலகிக்கொள்ளலாம். எடுத்த சதையில் மிச்சத்தை வைத்துக்கொள்வார்களா, எதற்கு என்று கேளுங்கள். தகவல் தாளின் ஒரு பிரதியையும், ஆராய்ச்சியை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அதைத் தரத் தயங்கினால் ஆராய்ச்சியில் சேராதீர்கள், பயாப்சியை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அப்பாவின் சந்தேகத்தை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. எங்கள் துறை அப்படி ஒரு தவறைச் செய்திருக்கிறது. ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் வைப்பெஹோல்ம் என்று மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான ஒரு பெரிய விடுதி. 1940களில் அங்கே இருந்தவர்களுக்கு, பல்லில் ஒட்டிக்கொள்ளும் டாஃபியைச் சாப்பாட்டுக்கு நடுநடுவே கொடுத்து, எவ்வளவு சொத்தை வருகிறது என்று கணக்கெடுத்தார்கள். பலருக்குப் பல் நாசமாயிற்று. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்டாலும் மறுக்கத் தெரியாதவர்கள். 1954இல் முடிவு வெளியானது. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டி நிற்கிறது என்பதுதான் சொத்தைக்கு முக்கியம் என்று தெரிந்தது. இன்றைக்கும் குழந்தைகளின் பெற்றோரிடம் இதைத்தான் சொல்கிறோம். உண்மையான முடிவு, ஆனால் அது வந்த வழி மன்னிக்க முடியாதது. அதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் அமைதியாகிவிடுவார்கள். ஒப்புதல் தாள் என்பது ஏதோ ஒரு ஃபாரம் என்று அதற்குப் பிறகு அவர்கள் நினைப்பதில்லை.

இன்னொரு ஆராய்ச்சியும் உண்டு. அதைக் கட்டாயம் அப்பாவிடம் சொல்லுங்கள், ஏனென்றால் அவர் வாயில் டார்ச் அடித்துப் பார்த்ததற்குப் பின்னால் அது இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில், 1996இல் தொடங்கியது. 13 பஞ்சாயத்துகள், 35 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1,90,000 பேர். அவற்றில் ஏழு பஞ்சாயத்துகளில், மருத்துவம் படிக்காத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பி, வாயைத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். வேறு கருவி எதுவும் கிடையாது, வெறும் கண்தான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, மூன்று சுற்று. 2005இல் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே, பார்க்கப்பட்ட பஞ்சாயத்துகளில் வாய்ப்புற்று மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒருவர் வாயைத் திறந்து பார்ப்பதால் மட்டும் இத்தனை உயிர் பிழைக்கும் என்று நமக்குக் காட்டியவர்கள், தங்கள் வாயைத் திறந்து காட்டச் சம்மதித்த கிராமத்து மனிதர்கள். முகாமில் அந்தப் பிள்ளை அப்பாவின் நாக்கைத் துணியால் பிடித்து ஓரத்தைப் பார்த்ததே, அப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டதால்தான். பெரிய வேலை செய்திருக்கிறார். அதை வீணாக்காதீர்கள்.

கல்லூரிக்குப் போகவே மாட்டேன் என்று அப்பா பிடிவாதம் பிடித்தால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். எங்கே என்பது முக்கியமில்லை, எப்போது என்பதுதான் முக்கியம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புற்று என்றே வந்தாலும் சிகிச்சைக்கு அதில் வழி உண்டு. ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலோர் பிழைத்து, பேசி, சாப்பிட்டு, வேலைக்கும் போகிறார்கள். ரிசல்ட் வரும்வரை, வந்த பிறகும், புகையிலையும் பாக்கும் வாய்க்குள் போகக் கூடாது. குளிருக்கு வேண்டும் என்பார். சுக்குக் காப்பி போட்டுக் கொடுங்கள்.

மற்ற மூன்றுக்கும் சுருக்கமாக. பழுப்புக் கறை, அப்பா வளர்ந்த தர்மபுரி மாவட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடால் பால்யத்திலேயே, பல் உள்ளே உருவாகும்போதே வந்திருக்க வேண்டும். அதற்கு மேல் வெற்றிலைக் கறை. பார்க்க நன்றாக இருக்காது, ஆபத்து இல்லை. ஈறில் ரத்தம் பல் அடியில் சேர்ந்த காரையால் வருவது, ஸ்கேலிங் செய்தால் சரியாகும், பல் ஆடிவிடும் என்ற பயம் வேண்டாம். நாக்கின் மேல் வரைபடம் போலத் தெரிவது இடம் மாறி மாறி வந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும், மருந்தே தேவையில்லை.

கடைசி வரியில் போகிற போக்கில் தம்பியைப் பற்றி எழுதிவிட்டீர்கள். அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாக்குப் பொட்டலம் போடுகிற இளைஞனுக்குக் காரம் பட்டால் வாய் எரிகிறது என்றால், உள்கன்னம் இறுகத் தொடங்குவதன் முதல் அடையாளமாக அது இருக்கலாம். பாக்கில் இருக்கும் பொருட்கள் உள்தோலுக்கு அடியில் நாரை வளர்க்கின்றன. கன்னம் வெளிறி, பட்டை பட்டையாக இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். சிலருக்கு அது பின்னால் புற்றாகவும் மாறும். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்துவிட்டது. அவனுடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நுழைக்கச் சொல்லிப் பாருங்கள். நுழையவில்லை என்றால் ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். நுழைந்தாலும் காட்ட வேண்டும். இறுகிய கன்னம் பழையபடி ஆவது கடினம், பொட்டலத்தை இப்போதே விட்டால் மேற்கொண்டு போகாமல் தடுக்கலாம். பி காம்ப்ளெக்ஸ் வேண்டாம். அப்பாவைக் கூட்டி வரும் அதே பஸ்ஸில் தம்பியையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.