பதில்: ஒரே வரியில் மூன்று புள்ளி, நல் பாயின்டர் எக்ஸெப்ஷன்

வணக்கம். உங்கள் ஜாவா கோடில் ஆர்டர்.வாடிக்கையாளர்().முகவரி().பின்கோடு() என்ற வரி சில ஆர்டர்களுக்கு மட்டும் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் தந்து வெடிக்கிறது என்கிறீர்கள். நல் (null) என்றால் அங்கே ஆப்ஜெக்டே இல்லை என்று அர்த்தம். நீங்கள் போட்ட கோடிலேயே காரணம் இருக்கிறது, பாருங்கள். வாடிக்கையாளர் கிளாஸில் இரண்டு கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் பகுதி). பெயரும் முகவரியும் வாங்குவது சரி. பெயர் மட்டும் வாங்குவது முகவரியைத் தொடவே இல்லை. ஃபீல்டை (கிளாஸுக்குள் இருக்கும் வேரியபிளை) அறிவித்தால் மட்டும் ஆப்ஜெக்ட் வந்துவிடாது, நியூ போட்டு உருவாக்கும்வரை அது நல்தான். நல்மேல் பின்கோடு() கூப்பிட்டால் வேறென்ன நடக்கும்?

எந்தக் கண்ணி அறுந்தது என்று சந்தேகமிருந்தால் வரியை உடைத்து, ஒவ்வொன்றையும் தனி வேரியபிளில் வாங்குங்கள். ஜாவா 15 முதல் பிழைச் செய்தியே எது நல் என்று சொல்லிவிடும். நீங்கள் இன்னும் ஜாவா 8-இல் இருக்கிறீர்களே, பாவம்!

வரிக்கு வரி நல் செக் போடுவது எனக்குப் பிடிக்காது. வாடிக்கையாளர் கிளாஸில் பின்கோடு() மெத்தட் எழுதி, முகவரி இல்லாத நிலையை அங்கேயே கவனியுங்கள். ஆர்டரிலும் அதைக் கூப்பிட ஒரு மெத்தட். வெளியே ஆர்டர்.பின்கோடு() போதும். 1987-இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான டிமீட்டர் விதி சொல்வதும் இதைத்தான்: பக்கத்து வீட்டோடு பேசு, அவர்கள் வீட்டு அலமாரியைத் திறக்காதே.

எழுத்துகளை ஒட்டிச் சேர்க்கும் ஸ்ட்ரிங்பில்டரில் அப்பெண்ட்() மெத்தடை இதேபோல் புள்ளி வைத்து அடுக்குவது வேறு கதை. அது ஒவ்வொரு முறையும் தன்னையே திருப்பித் தருகிறது, அதைத் தொட வேண்டாம்.