மாடியில் அக்வாபோனிக்ஸ், அதாவது மீன் தொட்டித் தண்ணீரைச் சுற்றவிட்டுச் செடி வளர்க்கும் அமைப்பு வைத்திருக்கிறேன். செடித் தொட்டியில் தண்ணீர் நிரம்புகிறது, ஆனால் நிரம்பியதும் தானாக இழுத்து வடிக்க வேண்டிய பெல் சைஃபன் இழுக்கமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் ஒரு பக்கெட்டையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். சைஃபனில் கை வைக்காதீர்கள். கை வைத்து இரண்டு வாரத்தை வீணாக்கியவன் சொல்கிறேன்.

என்னுடையது சின்ன அமைப்பு. 300 லிட்டர் தொட்டியில் கொளத்தூரில் வாங்கிய கொய் மீன்கள். அதற்கு மேலே 4க்கு 2 அடி செடித் தொட்டி, ஓர் அடி ஆழத்துக்கு முக்கால் இன்ச் ஜல்லி. நடுவில் ஒரு இன்ச் குழாய் நிற்கிறது. அதன் மேல் எண்டு கேப் போட்ட அகலமான பைப்பைக் கவிழ்த்திருக்கிறேன், அதுதான் பெல். ஜல்லி உள்ளே புகாமலிருக்க, சுற்றி ஓட்டை போட்ட நாலு இன்ச் பைப்.

ஒரு மாதம் அழகாக நிரம்பி வடிந்தது. அப்புறம் ஒரு நாள் தண்ணீர் மேல்மட்டத்துக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. வடிகுழாயில் நூல் மாதிரி ஒழுகல் மட்டும். பெல்லில் காற்று கசிகிறது என்று நினைத்து எம்-சீல் வைத்தேன், கேப்பை மாற்றினேன், குழாயை அரை இன்ச் அறுத்தேன். ஒரு ராத்திரி வேலை செய்யும், காலையில் பழைய கதை. அதற்குள் வெண்டை இலைகள் மஞ்சளாகிவிட்டன. ஜல்லியைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை. அம்மா மாடிக்கு வடகம் காயப்போட வருவதையே நிறுத்திவிட்டார்.

கடைசியில் பார்த்தால், பம்பின் வாயிலிருந்த ஸ்பாஞ்சு மீன் கழிவில் அடைத்துக் கிடந்தது. தண்ணீர் வரத்து நாளுக்கு நாள் குறைந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. சைஃபன் இழுக்க வேண்டுமென்றால் குழாய்க்குள் தண்ணீர் ஒரே மூச்சாக விழுந்து காற்றை அடித்துக்கொண்டு போக வேண்டும். வரத்து குறைவாக இருந்தால் தண்ணீர் குழாயின் சுவரோரமாக வழிந்துகொண்டே இருக்கும், உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகிவிடும்.

அதனால்தான் பக்கெட். செடித் தொட்டிக்குள் விழும் தண்ணீரை 10 லிட்டர் பக்கெட்டில் பிடித்து நேரம் பாருங்கள். மீன் தொட்டித் தண்ணீர் மணிக்கு ஒரு முறையாவது முழுதாகச் சுற்ற வேண்டும் என்பது கணக்கு. எனக்கு மணிக்கு 300 லிட்டர், அதாவது பக்கெட் 2 நிமிடத்தில் நிரம்ப வேண்டும். அன்று அளந்தபோது ஐந்து நிமிடம் ஆனது! பம்பு அட்டையில் 1000 லிட்டர் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அது தண்ணீரை உயரமே ஏற்றாதபோது வரும் அளவு. நாலைந்து அடி ஏற்றினால் நன்றாகவே குறையும்.

வரத்து சரியாக இருந்தும் இழுக்கவில்லையா? வடிகுழாயின் நுனியில் ஒரு எல்போ (குழாயைத் திருப்பும் வளைவு) மாட்டுங்கள், அந்தச் சின்னத் தடையே சைஃபனைக் கிளப்பிவிடும். நிற்கும் குழாயின் தலையில் ஒன்றரை இன்ச்சிலிருந்து ஒரு இன்ச்சாகக் குறுகும் ரிடியூசரைப் புனல் மாதிரி வைப்பதும் நல்ல பலன் தரும். ஆனால் வடிகுழாயின் வாய் மீன் தொட்டித் தண்ணீருக்குள் முங்கக் கூடாது, காற்று வெளியேற வழி வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. இழுக்க ஆரம்பித்த சைஃபன் நிற்காமல், தொட்டி அடிமட்டத்திலேயே கிடக்கும். அது வரத்து அதிகமானதால். பம்புக் குழாயில் ஒரு ‘T’ வடிவ இணைப்பு போட்டு, வால்வு வைத்து, மிச்சத் தண்ணீரை மீன் தொட்டிக்கே திருப்பிவிடுங்கள். பம்பின் தொண்டையை நெரிப்பதைவிட இது நல்லது, விழுகிற தண்ணீர் மீனுக்குக் காற்றையும் கொடுக்கும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு எதற்கு வடிய வைக்க வேண்டும்? தண்ணீர் இறங்கும்போதுதான் ஜல்லிக்குள் காற்று புகுகிறது. மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு செடிக்கு உணவான நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களுக்கு அந்தக் காற்று வேண்டும், வேருக்கும் வேண்டும். நம் ஊர் வெயிலில் இது இன்னும் முக்கியம். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். மே மாதத்தில் மாடித் தொட்டியின் சூட்டைச் சொல்லவே வேண்டாம்.

தினமும் எட்டிப் பார்க்க முடியாதவர் என்றால் பெல்லையே கழற்றிவிடுங்கள். நிற்கும் குழாயின் அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, பம்பை டைமரில் 15 நிமிடம் ஓட்டி 45 நிமிடம் நிறுத்தினால் போதும். கரண்ட் போனாலும் தொட்டி தானாக வடிந்துவிடும். மீனுக்கு மட்டும் பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று தனியாக இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். ஓர் அடி ஜல்லியும் தண்ணீரும் சேர்ந்தால் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 600 கிலோ. ஆள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தரவிதி எடுத்துக்கொள்ளும் பாரம் சுமார் 150 கிலோதான். மாடியின் நடுவில் வைத்திருந்தால் உடனே ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த வாரமே எல்லாவற்றையும் கீழே கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டேன்.

இன்னொன்று ஐப்பசி மழை. ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் கொட்டினால் என் செடித் தொட்டிக்குள் மட்டும் 70 லிட்டருக்கு மேல் இறங்கும். மீன் தொட்டியின் மேல்விளிம்புக்குக் கீழே வலை கட்டிய ஓட்டை ஒன்றை இப்போதே போட்டுவையுங்கள். போன முறை இரண்டு கொய் மீன்களைப் பக்கத்து வீட்டு வாசலில் போய்ப் பொறுக்கினேன்.