ஒரே மெமரி கார்டு ராஸ்பெரி பைங்கற கையளவு கம்ப்யூட்டர்ல, 3, 4, 5-ன்னு மாடலுக்கு மாடல் வேற வேற ஸ்பீடு காட்டுதே, எந்த நம்பரை நம்பி வாங்கறது?

கார்டு ஒண்ணுதானுங்க, ஸ்லாட்டுதான் வேற. பை 3-ல அந்த ஸ்லாட் விநாடிக்கு 25 எம்பிக்கு மேல போகாது, பை 4-ல 50, 2023-ல வந்த பை 5-ல 104. அதனால கவர்ல 100 எம்பின்னு போட்ட கார்டை பை 3-ல சொருகினா 22, 23 தான் வரும், டூப்ளிகேட்டோன்னு பயப்படாதீங்க.

ஆனா இதெல்லாம் பெரிய ஃபைலை வரிசையா படிக்கறப்ப வர்ற வேகம். நம்ம வேலைக்கு வேணுங்கறது சின்னச் சின்னதா அடிக்கடி எழுதற வேகமுங்க, அதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

சோமனூர் பக்கம் எங்க மாமா தறி செட்டுல 24 தறி ஓடுது, எது ஓடுது எது நிக்குதுன்னு விநாடிக்கு ஒருக்கா ஒவ்வொரு தறிக்கும் ஒரு வரி எழுதற மாதிரி பை 4-ல எஸ்கியூலைட்டுங்கற சின்ன டேட்டாபேஸ் வெச்சு செஞ்சு குடுத்தேன். பெரிய ஃபைல் ஒண்ணை எழுதிப் பாக்கற டிடி கமாண்டுல விநாடிக்கு 40 எம்பி காட்டுச்சு, நம்பி மாட்டிட்டு வந்துட்டேன். மூணாம் நாளே மாமா போன் பண்ணி, "மாப்ளே, தறி நின்னு நான் போய் அறுந்த இழையை முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டிவிட்டதுக்கு அப்பறம்தான் நின்னுச்சுன்னு காட்டுது"ன்னாரு. போய்ப் பாத்தா போர்டுல பச்சை லைட் அணையவே இல்ல, சிபியு ஒண்ணும் செய்யாம கார்டு எப்ப எழுதி முடிக்கும்னு காத்துக் கெடக்குது.

எழுதறது வரிக்கு நூறு பைட்டு கூட இல்ல, ஆனா ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது ஒரு பதிவை உறுதி பண்ற ஒவ்வொரு தடவைக்கும், எஸ்கியூலைட் ஜர்னலுங்கற பாதுகாப்பு ஃபைலையும் சேத்து ரெண்டு மூணு தடவை சிங்க் பண்ணும், அதாவது கார்டுல எழுதி முடியற வரைக்கும் காத்திருக்கும். கார்டுக்குள்ள இருக்கற ஃபிளாஷ் சிப்லயோ எழுதின இடத்து மேலயே திருப்பி எழுத முடியாது, அழிக்கறதுன்னா பெரிய பிளாக்கா மொத்தமாத்தான், அதுல இருக்கற நல்ல டேட்டாவை வேற இடத்துக்கு மாத்திட்டு அப்பறம் அழிக்கோணும். ஒரு இழை அறுந்ததுக்கு பாவு நூல் மொத்தத்தையும் மாத்தற கதை.

அதனால டிடியை விட்டுடுங்க, அது பாதி ராம்ல எழுதிட்டு முடிஞ்சுதுன்னு சொல்லிரும். ஃபியோங்கற டெஸ்ட் புரோகிராம் போட்டு 4 கேபி பிளாக், ரேண்டம் ரைட் (வரிசையா இல்லாம அங்கங்க எழுதறது), ஒவ்வொரு ரைட்டுக்கும் சிங்க், அஞ்சு நிமிசமாவது ஓடவிடுங்க, ஏன்னா பல கார்டு மொத கொஞ்ச நேரம் வேகமா ஓடிட்டு அப்பறம் படுத்துக்கும்.

வாங்கறப்ப கார்டு மேல ஏ1 (A1) குறி இருக்கான்னு பாருங்க, விநாடிக்கு 1500 ரேண்டம் ரீடு, 500 ரைட்டாவது வரணும்னு கணக்கு. ஏ2-ன்னா 4000, 2000, ஆனா அது கமாண்ட் க்யூ, அதாவது பல வேலையை ஒண்ணா கார்டுகிட்ட வரிசைல குடுக்கற வசதி, இருந்தாத்தான், பை 4-ல அது கிடையாது, பை 5-ல 2024-ல வந்த சாப்ட்வேர்லதான் சேத்தாங்க. பை 4-க்கு ஏ2-ன்னு காசு கூடக் குடுக்காதீங்க.

முடிஞ்சா கார்டையே விட்டுட்டு பை 4-ல யூஎஸ்பி 3 வழியா எஸ்எஸ்டி, பை 5-ல என்விஎம்இ-ங்கற இன்னும் வேகமான எஸ்எஸ்டி போடுங்க. மாமா செட்டுல நான் எஸ்எஸ்டி போட்டதோட, 24 வரியையும் ஒரே கமிட்டா எழுத மாத்திட்டேன். உண்மையச் சொன்னா அந்த ரெண்டாவது மாத்தத்துலயே பச்சை லைட் அணைஞ்சு அணைஞ்சு எரிய ஆரம்பிச்சிருச்சு, எஸ்எஸ்டி அப்பறம்தான் வந்துச்சு. நீங்களும் கார்டு மாத்தறதுக்கு முன்னாடி உங்க புரோகிராம் விநாடிக்கு எத்தன கமிட் பண்ணுதுன்னு எண்ணிப் பாருங்க.